தங்கப் படிவுகளின் உருவாக்கம்

தங்கப் படிவு என்பது, அகழ்ந்தெடுத்தால் ஆதாயம் தரக்கூடிய அளவுக்குத் தங்கம் செறிந்துள்ள பாறைப்பகுதி அல்லது வண்டல் ஆகும். புவியோட்டில் ஒரு டன் பாறையில் சராசரியாகச் சில மில்லிகிராம் தங்கமே உள்ளது. நிலத்தடிச் சுரங்கம் அமைக்க டன்னுக்குச் சில கிராம் தேவை. ஏறத்தாழ ஆயிரம் மடங்கான இச்செறிவைப் பெரும்பாலும் ஏற்படுத்துவது, புவித்தட்டுகளின் நகர்வால் சூடேறிப் பாயும் நிலத்தடி நீராகும்.

உருவாகும் முறை

கந்தகம் கலந்த சூடான நீர் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு பாறைப் பிளவுகளின் வழியே மேலேறுகிறது. அழுத்தம் குறைந்து நீர் கொதிக்கும்போதோ, அதிலுள்ள கந்தகம் பாறையிலுள்ள இரும்புடன் வினைபுரிந்து பைரைட்டு ஆகும்போதோ, தங்கம் பிரிந்து படிகிறது.

வகைகள்

1. மலையாக்கப் படிவுகள்: தட்டுகள் மோதி மலைகள் எழும் இடங்களில், பெரும்பாலும் 5 முதல் 15 கிலோமீட்டர் ஆழத்தில், குவார்ட்சு நாளங்களாக உருவாகின்றன. கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் பாறைகள் 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற அச்சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது.

2. எரிமலைசார் ஆழமற்ற படிவுகள்: ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் இடங்களில், எரிமலைகளை ஒட்டி, ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் ஆழத்துக்குள் உருவாகின்றன. சப்பானின் இசிகாரிச் சுரங்கம் இதற்கு எடுத்துக்காட்டு. அங்குள்ள படிவின் வயது சுமார் 10 இலட்சம் ஆண்டுகளே.

3. கார்லின் வகைப் படிவுகள்: புவியோடு இழுபட்டு விரிந்த இடங்களில், சுண்ணாம்புப் பாறைகளில் உருவானவை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மிகுதி. தங்கம் பைரைட்டுக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. எனவே, ஆற்று மணலை அலசித் தங்கம் தேடியவர்களுக்கு இது அகப்படவில்லை.

4. தொல் வண்டல் படிவுகள்: தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்சுராண்டில், 270 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த கூழாங்கற் படுகைகளில் தங்கம் உள்ளது. பின்னர்ப் பாய்ந்த வெப்பநீருக்கும் இதில் பங்கு உண்டா என்பது விவாதத்துக்குரியது. 1886 இல் கண்டறியப்பட்ட இப்பகுதியே உலகில் மிக அதிகமாகத் தங்கம் தந்த பகுதியாகும்.

ஆழமும் வயதும்

ஆழமற்ற படிவுகள் அரிப்பினால் விரைவில் அழிந்துவிடுகின்றன. ஆகவே, இன்று எஞ்சியுள்ளவற்றில் பெரும்பாலானவை இளமையானவை. ஆழத்தில் உருவானவையோ, மேலுள்ள பாறைகள் அரிக்கப்பட்ட பின்னரே வெளிப்படுகின்றன. கோலார் போன்ற தொன்மையான நிலப்பகுதியில் இசிகாரி போன்ற படிவைத் தேடுவது பொதுவாகப் பயன் தராது. எனவே, தங்க ஆய்வில் நிலத்தின் வரலாற்றை அறிவதே முதற்படியாகும்.