கோலார் தங்கவயலில் வெந்நீரும் தொடுதிரையும்

வீட்டு வெந்நீர்க் கருவி எப்போது சூடேற வேண்டும், எத்தனை டிகிரி வரை ஏற வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் விரலால் தொட்டு அமைத்துக்கொள்ள உதவும் சிறு மின்னணுப் பலகைதான் தொடுதிரைக் கட்டுப்படுத்தி. கடைக்காரரும் எலக்ட்ரீஷியனும் அதைக் 'கண்ட்ரோலர்' என்கிறார்கள். மின்சாரக் கீசரிலும், மொட்டைமாடியில் நிற்கும் சோலார் வெந்நீர்த் தொட்டியிலும், அண்மைக் காலமாக ஹீட் பம்பிலும் இது பொருத்தப்பட்டு வருகிறது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் போன்ற ஓர் ஊரில் இந்தப் பலகைக்கு வேலை அதிகம். அங்கே தண்ணீர் கடினமானது, குளிர்காலம் உண்மையாகவே குளிரும், வீட்டில் பலர் பொழுது விடியுமுன் குளித்துவிட்டு ரயிலுக்கு ஓட வேண்டும்.

தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலான பீடபூமியில் இருக்கிறது. மார்கழியில் குழாயைத் திறந்தால் கை விறைக்கும். வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களின் ஊர் இது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடியது. அதன் பிறகு மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருவது ஊரின் அன்றாடமாகிவிட்டது. முதல் ரயிலைப் பிடிக்கும் வீட்டில் நாலு மணிக்கு வெந்நீர் தயாராக இருக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை தங்கவயல் மற்றப் பல ஊர்களுக்கு மூத்தது. காவிரி விழும் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டி, அங்கிருந்து 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர், கம்பி இழுத்து 1902 ஜூன் மாதம் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுத்தது மைசூர் அரசு. உலகின் மிக நீண்ட மின்தடங்களில் ஒன்றாக அது அன்று பேசப்பட்டது. திவான் சேஷாத்ரி ஐயர் முன்னின்று தொடங்கிய திட்டம் அது. பெங்களூருத் தெருவிளக்குகள் 1905இல்தான் எரிந்தன. தங்கவயலுக்கு வந்த மின்சாரம் சுரங்கத்தின் இழுவை எந்திரத்துக்கும் தாது அரைக்கும் ஆலைக்கும் வந்ததே தவிர, குளியலறைக்கு வரவில்லை. கன்னடர் வீட்டில் செங்கல் அடுப்பின் மேல் பதித்த செப்பு ஹண்டே, தமிழர் வீட்டில் அண்டாவோ தவலையோ, கொஞ்சம் வசதியுள்ள வீட்டில் நடுக்குழாயில் கரியும் கொட்டாங்குச்சியும் போட்டு எரிக்கும் தாமிர பாய்லர். வெந்நீர் இப்படித்தான் வெகுகாலம் காய்ந்தது. பிறகு வாளியில் தொங்கவிடும் ஹீட்டர் ராடு வந்தது, அதன் பின் கீசர். அடுப்பில் எத்தனை விறகு தள்ளுவது என்று பாட்டி கண்ணால் பார்த்து முடிவுசெய்த அதே காரியத்தைத்தான் இன்று கண்ட்ரோலர் செய்கிறது.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. தொட்டிக்குள் ஒரு வெப்ப உணரி இருக்கும். பெரும்பாலும் தெர்மிஸ்டர் எனப்படும் மின்தடைதான் அது. பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 25 டிகிரி செல்சியஸில் 10,000 ஓம் இருக்கும் தடை, 60 டிகிரியில் சுமார் 2,500 ஓமாகக் குறைந்துவிடும். சில்லு இந்த மாற்றத்தை அளந்து, வைத்த இலக்கோடு ஒப்பிட்டு, ரிலே எனும் மின்சுவிட்சை இழுக்கவோ விடவோ செய்கிறது. ரிலே இழுத்தால் தண்ணீரைச் சூடாக்கும் காயிலுக்கு மின்சாரம் போகும். ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. உணரியின் கம்பி அறுந்துவிட்டால் தடை அளவற்றதாகிவிடும், சில்லின் கணக்கில் தண்ணீர் உறைபனிக்கும் கீழே போய்விட்டதாகப் படும். அதை நம்பிக் காயிலை ஓட்டினால் தொட்டி கொதிக்கும். அதனால் ஒழுங்காக வடிவமைத்த கண்ட்ரோலர், நம்ப முடியாத அளவு வந்த உடனே சூடேற்றுவதை நிறுத்திவிட்டுத் திரையில் பிழைக் குறியீடு காட்டும். 'இ1', 'இ2' என்று வரும் குறியீடுகளின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கருவியோடு வந்த சிறு புத்தகத்தைத் தூக்கியெறியாமல் வைத்திருப்பவருக்கு ஒரு சர்வீஸ் செலவு மிச்சம்.

திரையைப் பற்றிச் சொல்வதானால், விரலின் மின்கொள்ளளவை உணரும் தொடுதிரையை 1965இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் ராடார் ஆய்வகத்தில் இ.ஏ. ஜான்சன் விவரித்தார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை மனத்தில் வைத்துச் செய்த வேலை அது. குளியலறை அவர் கணக்கில் இருந்திருக்க வாய்ப்பில்லை. இந்த வகைத் திரைக்கு ஈரம் பகை. கண்ணாடியில் தண்ணீர்த் துளி படிந்தால் அதையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும். நனைந்த விரலால் தொட்டால் சில சமயம் ஒன்றும் நடக்காது, சில சமயம் பக்கத்துப் பொத்தான் வேலை செய்யும். ஆகவே பலகையைக் குளியலறைக்கு வெளியே, கதவின் பக்கத்துச் சுவரில், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் பொருத்துவதே முறை. பெரும்பாலான மாடல்களில் பூட்டுப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் திரை பூட்டிக்கொள்ளும். மறுபடியும் அப்படியே அழுத்தினால் திறக்கும். அணைந்திருக்கும் திரை முதல் தொடுதலில் விழிக்கும், இரண்டாவது தொடுதலில்தான் கட்டளையை ஏற்கும். 'தொட்டும் கேட்கவில்லை' என்ற புகார்களில் கணிசமானவை இதிலேயே தீர்ந்துவிடும்.

திரையில் பத்துப் பதினைந்து படங்கள் மின்னினாலும் மாதச் செலவைத் தீர்மானிப்பவை இரண்டுதான், வெப்ப அளவும் கடிகாரமும். மற்றவை பெரும்பாலும் விற்பனைக்கான அலங்காரம்.

வெப்ப அளவை எடுத்துக்கொள்வோம். 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட் காயில், குழாய்த் தண்ணீர் 20 டிகிரி. இலக்கை 60 என்று வைத்தால் சுமார் 0.7 யூனிட் செலவாகும், இருபத்தோரு நிமிடம் ஓடும். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் குளித்தால் கணக்குப்படி 30 லிட்டர் கிடைக்கும். இலக்கை 50 என்று குறைத்தால் செலவு அரை யூனிட்டை ஒட்டி வந்துவிடும், ஆனால் குளிக்கக் கிடைப்பது 22 லிட்டர் சொச்சம்தான். ஒருவர் குளிக்கும் வீட்டில் 50 போதும். அடுத்தடுத்து இருவர் குளிப்பதானால் 60 வைப்பதில் நியாயம் உண்டு. 75 வைத்து நாள் முழுக்க எரியவிடுவதில் மட்டும் எந்த நியாயமும் இல்லை. தொட்டிக்கும் அறைக்கும் வெப்ப வித்தியாசம் கூடக் கூடச் சுவர் வழியே வீணாகப் போகும் சூடும் கூடும்.

வெறும் சிக்கனத்தைப் பார்த்து எண்ணைக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20க்கும் 45க்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில் பெருகும், 60ஐத் தாண்டினால் மடியும். 1976இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஓட்டல் ஒன்றில் கூடியவர்களிடையே பரவிய நுரையீரல் அழற்சிக்குப் பின்னரே அது அடையாளம் காணப்பட்டது. அதனால் பல கண்ட்ரோலர்களில் வாரம் ஒருமுறை தொட்டியை 65 அல்லது 70 டிகிரிக்கு ஏற்றி இறக்கும் கிருமி நீக்கச் சுற்று இருக்கிறது. தினமும் காலியாகும் 15 லிட்டர் கீசருக்கு இது பெரிய விஷயமல்ல. ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த வீட்டின் 200 லிட்டர் சோலார் தொட்டிக்கு இது தேவைப்படும். மறுபுறம், 60 டிகிரித் தண்ணீர் ஐந்தே நொடியில் தோலை வேகவைத்துவிடும். 50 டிகிரியில் அதே காயம் ஏற்படச் சில நிமிடங்கள் பிடிக்கும். குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில் குழாய் முனையில் கலந்து வரும்படி மிக்ஸர் பொருத்துவது அவசியம்.

இந்த எண்களைத் தங்கவயல்காரர்கள் வேறொரு வழியில் அறிந்திருக்கிறார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியில் பாறையின் இயல்பான சூடே 60 டிகிரியைத் தாண்டியது. கீசர் இலக்காக வைக்கும் அதே சூடு. அங்கே பிரச்சினை தலைகீழ். மனிதர் நின்று வேலை செய்யக் காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

தண்ணீரின் குணமும் எண்ணைத் தீர்மானிக்கிறது. பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரி தங்கவயலின் பழைய குடிநீர் ஆதாரம். அது போதாத இடங்களில் ஆழ்குழாய்க் கிணறும் டேங்கர் லாரியும்தான். கோலார் மாவட்ட நிலத்தடி நீரில் உப்பும் ஃபுளோரைடும் மிகுதி. கடினத் தண்ணீர் சூடாகும்போது கால்சியம் கார்பனேட் பிரிந்து காயில்மேல் வெள்ளையாகப் படியும், 60 டிகிரிக்கு மேல் இந்தப் படிவு வேகமெடுக்கும். அந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் தடுப்பதால் காயில் தன்னையே சுட்டுக்கொண்டு எரிந்துபோகிறது. உணரியின் உறைமேல் படிந்தால் திரை காட்டும் எண் தாமதமாக ஏறும். ஆக, கிருமியைக் கொல்ல 60 வேண்டும், காயிலைக் காக்க 60 வேண்டாம். அன்றாட இலக்கை 50 முதல் 55 வரை வைத்து, வாரத்துக்கு ஒருநாள் மட்டும் உச்சத்துக்கு விடுவது இரண்டுக்கும் நடுவே நிற்கும் வழி. ஆண்டுக்கொரு முறை தொட்டியைத் திறந்து உப்பைச் சுரண்டி, துரு பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பியையும் பார்த்துவிட வேண்டும். இதற்குத் திரையில் பொத்தான் கிடையாது.

அடுத்தது கடிகாரம். டைமரில் தொடங்கும் நேரம், முடியும் நேரம் என்று இரண்டு கொடுக்க வேண்டும். சில மாடல்களில் ஒரு நாளுக்கு மூன்று, நான்கு வேளை வைக்கலாம். நாலு மணிக்குக் குளிப்பவர் மூன்றரைக்குத் தொடங்கும்படி வைத்தால் 15 லிட்டர் கீசருக்குத் தாராளம். மின்வெட்டு ஏற்பட்டால் உள்ளே பேட்டரி இல்லாத கண்ட்ரோலரில் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இரவு பதினொன்றுக்கு மின்சாரம் வந்தால் அது நள்ளிரவு என்று எண்ணிக்கொண்டு, பொய் நேரத்தில் தண்ணீர் காய வைக்கும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி திரையின் அளவைப் பற்றியதல்ல, மின்சாரம் போனாலும் நேரம் அழியாமல் இருக்குமா என்பதுதான். 2023இல் கர்நாடக அரசு கொண்டுவந்த கிருஹ ஜோதி திட்டமும் டைமருக்கு மதிப்புக் கூட்டியிருக்கிறது. தொடக்கத்தில் அதன் விதி, வீட்டின் முந்தைய ஆண்டு மாதச் சராசரியோடு பத்து சதவீதம் சேர்த்து, 200 யூனிட் உச்சவரம்புக்குள் இலவசம் என்பது. அந்த 200 யூனிட் வரம்பை ஒட்டி நிற்கும் வீட்டில் அணைக்க மறந்த கீசர் ஒரு மாத இலவசத்தையே காலிசெய்துவிடும்.

சோலார் தொட்டியில் கண்ட்ரோலரின் வேலை இன்னும் சுவையானது. பெங்களூரு மின் வழங்கல் நிறுவனமான பெஸ்காம், 2007ஆம் ஆண்டு வாக்கில் குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட புது வீடுகளுக்குச் சோலார் வெந்நீர்க் கருவியைக் கட்டாயமாக்கியது. வைத்திருப்போருக்கு யூனிட்டுக்கு 50 காசு என்று மாதம் 50 ரூபாய் வரை தள்ளுபடியும் நெடுங்காலம் தந்தது. தொட்டிக்குள் மேகமூட்ட நாளுக்கென ஒரு மின்காயில் இருக்கும். அதைப் பகலில் போட்டுவைத்தால் தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருப்பதால் வெயில் வீணாகும், மாலையில் போட்டால் இரவெல்லாம் சூடு கசியும். குளிக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு போடுவதே லாபம். 100 லிட்டர் தொட்டியில் தண்ணீர் 35 டிகிரியில் நிற்கிறது, 50 வேண்டும் என்றால் 2 கிலோவாட் காயிலுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். நாலு மணிக் குளியலுக்கு மூன்று மணி என்று வைத்துவிட்டு, வெப்ப இலக்கையும் 50 என்று கொடுத்துவிட வேண்டும். முந்தைய நாள் நல்ல வெயில் அடித்திருந்தால் தொட்டி 50க்கு மேல் இருக்கும், காயில் எரியவே எரியாது. இந்த ஒரு வசதிக்காகவே கண்ட்ரோலருக்குக் கொடுத்த காசு தகும்.

கண்ணாடிக் குழாய் வகை சோலாரில் நீர்மட்டத்தையும் திரை நான்கு படிகளாகக் காட்டும். குழாய்த் தண்ணீர் நாள் கணக்கில் வராத தெருக்களில் இது முக்கியம். தொட்டி வற்றி, வெறும் குழாய்கள் நடுப்பகல் வெயிலில் காய்ந்து கிடக்கும்போது பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் கண்ணாடி வெடிக்கும். குழாய் ஆறும் வரை வால்வைத் திறக்காமல் தடுக்கும் கண்ட்ரோலர்கள் உள்ளன. அந்தத் தடையை மீறிக் கையால் திறக்கும் பொத்தானும் அதே திரையில் இருப்பதுதான் வேடிக்கை. விடுதி போன்ற பெரிய இடங்களில் பம்பு வைத்துத் தண்ணீரைச் சுழற்றும் அமைப்பு இருக்கும். அங்கே சூரியத் தகட்டுக்கும் தொட்டியின் அடிக்கும் இடையே சில டிகிரி வித்தியாசம் வந்தால் பம்பு ஓடும், வித்தியாசம் சுருங்கினால் நிற்கும்.

எந்தத் திரையானாலும் அதை முழுதாக நம்பிக் கருவியைத் தொடக்கூடாது. ரிலேயின் முனைகள் சில சமயம் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்போது திரை 'ஆஃப்' என்று காட்டினாலும் காயில் எரிந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் உயிரைக் காப்பவை எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய சமாச்சாரங்கள்: சூடு எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட், அழுத்தம் ஏறினால் தண்ணீரை வெளியே விடும் வால்வு, கசிவு மின்சாரத்தை உணர்ந்து விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த். பழுது பார்க்குமுன் சுவரிலுள்ள 16 ஆம்பியர் சுவிட்சையும் அணைத்தாக வேண்டும்.

பலகை கெட்டுப்போனால் புதுசு கிடைக்கும் வரை கண்ட்ரோலரைத் தள்ளிவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. தொட்டியில் தனியாகத் தெர்மோஸ்டாட் இருந்து, அதன் வழியாக இணைத்தால் கருவி பழையபடி நம்பகமாக ஓடும், டைமர் மட்டும் இருக்காது. தொடுதிரையோடு வரும் சில மாடல்களில் அந்தத் தெர்மோஸ்டாட்டே கிடையாது, கட்-அவுட் மட்டும்தான் இருக்கும். அங்கே நேரடி இணைப்பு என்பது, ஆபத்துக்காக வைத்த கடைசிக் காவலைத் தினசரி சுவிட்சாகப் பயன்படுத்துவது. எலக்ட்ரீஷியன் மூடியைக் கழற்றியதும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறதா இல்லையா என்பது.