மலையும் லயனும்

1885இல் நானுஓயா வரை புகையிரதப் பாதை வந்தது. கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றிய காலம் அது. காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்ட துரைமார், தொழிலாளருக்கான லயன்களையும் தாம் குறித்த இடத்திலேயே கட்டினர். குடியிருக்கும் இடத்தைத் தெரிவுசெய்யும் உரிமை அம்மக்களுக்கு இருக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அங்கு அபாயமுண்டு எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சொல்லியும் மக்கள் வெளியேறவில்லை என்ற பேச்சு உடனே எழுந்தது. எங்கே போவது என்பதற்கு எவரும் விடை சொல்லவில்லை. உயிர்தப்பியோருக்கு மாற்று வீடுகள் கிடைக்க 2016 ஆனது.

இடரை அறிவது ஒன்று; அறிந்தபடி நடக்க வழியிருப்பது வேறொன்று. நிலம் வெடிப்பதும், ஊற்று திடீரெனக் கலங்குவதும், மரங்கள் சாய்வதும் மலையில் வாழ்பவர் அறியாதவையல்ல. 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெளியேற வேண்டும் என இன்று அறிவிக்கிறார்கள். ஆனால் லயன் அறை தோட்ட வேலையோடு பிணைந்தது. அதை விட்டால் ஒதுங்கச் சொந்தக் காணி இல்லை.

கேரளத்தின் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு 70 பேரோடு புதைந்தவையும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் லயங்களே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மீண்டும் மலைகளைச் சரித்தது.

வெளியேறுங்கள் என்ற அறிவித்தலோடு, பாதுகாப்பான இடத்தில் ஒரு காணி உறுதியும் கைக்கு வரவேண்டும். அது இல்லாத எச்சரிக்கை, எச்சரித்தவருக்கு மட்டுமே பாதுகாப்பு.