யாங்கோன் கிடங்குகளில் வெப்ப இதமும் காற்றோட்டமும்

மியான்மரின் முதன்மைத் துறைமுகமான யாங்கோனில் (பழைய ரங்கூன்) சரக்குக் கிடங்குகளின் உள்வெப்பத்தைக் குளிர்சாதனம் இன்றித் தணிக்கும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும்.

கிடங்கைக் குறிக்கும் 'கோடவுன்' என்ற சொல் தமிழ்க் 'கிடங்கு', தெலுங்குக் 'கிட்டங்கி' ஆகியவற்றிலிருந்து மலாய்க் 'குடாங்' வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றதாகக் கருதுவர். பிறகு 'குடோன்' என்று தமிழுக்கே திரும்பியது. 1852இல் ஆங்கிலேயர் ரங்கூனைப் பிடித்த பின் பசுண்டாங் ஓடைக் கரையில் அரிசி ஆலைகளும் கிடங்குகளும் பெருகின. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கும் முன், நெடுங்கடல் பயணத்தின் வெக்கையிலும் ஈரத்திலும் வெள்ளரிசி கெட்டுவிடும் என்பதால், உமி முழுதும் நீக்காத அரிசியையே ஐரோப்பாவுக்கு ஏற்றினர். 1930களில் பர்மா ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்து உலகில் முதலிடம் வகித்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர் மேஸ்திரிகள் திரட்டி வந்த கூலிகள், பெரும்பாலும் தெலுங்கர். 1931 கணக்கெடுப்பில் நகர மக்களுள் பாதிக்கு மேல் இந்தியர். தானியத்தின் ஈரத்துக்குக் கணக்கு வைத்த அந்த வணிகம், சுமந்தவரின் வியர்வைக்கு வைக்கவில்லை.

ஏப்ரலில் நகரின் பகல் உச்சம் சராசரியாக 37 டிகிரி செல்சியசை ஒட்டும். அப்போது தகரக் கூரை அடுப்பைப்போல் கீழ்நோக்கி வெப்பத்தை வீசும். காற்று வந்தாலும் தலைக்கு மேல் அனல் குறையாது. ஆகவே வெயிலைத் திருப்பும் வெளிர் நிறக் கூரையும் அதன் அடியில் வெப்பத்தடுப்பும் முதல் தேவை. சூடான காற்று முகட்டுத் திறப்பு வழியே வெளியேற, தாழ்ந்த திறப்புகள் வழியே புதுக்காற்று நுழையும். திறப்புகளுக்கிடையே உயரம் நான்கு மடங்கானால் இந்த ஓட்டம் இரண்டு மடங்காகும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை சாய்வாக அடிப்பதால் அப்பக்கத் திறப்புகளுக்கு அகன்ற தாழ்வாரம் வேண்டும். மழைநாளில் எல்லாவற்றையும் திறந்துவைத்தால் அரிசி ஈரம் ஏற்கும்.

பசுமைச் சான்றிதழ்களுள் லீட் நான்காம் பதிப்பு, கிடங்கின் சேமிப்புப் பகுதிக்கு மின்விசிறி, இரவுக்காற்று, காற்றோட்டம் போன்றவற்றுள் ஒன்றிருந்தாலே வெப்ப இதப் புள்ளியின் வடிவமைப்புத் தேவைக்குப் போதும் என்கிறது. அலுவலகப் பகுதிக்குத்தான் முழு அளவுகோல். எட்ஜ் சான்றிதழ் ஆற்றல், நீர், கட்டுமானப் பொருளில் பொதிந்த ஆற்றல் ஆகிய மூன்றிலும் 20 விழுக்காடு சேமிப்பைக் கேட்கிறது. ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் ஆய்வின் வழியில் வெப்ப இதத்துக்கான அமெரிக்க நெறியான ஆஷ்ரே 55 விதி 2004இல் ஏற்ற கணக்குப்படி, வெளி வெப்பநிலையின் சராசரி 30 டிகிரி என்றால் உள்ளே 30.6 வரை பெரும்பாலோர்க்கு ஏற்றது. ஆனால் அக்கணக்கு உட்கார்ந்து வேலைசெய்வோரைக் கொண்டு வகுத்தது. மூட்டை தூக்குபவர் உடல் அதைவிடப் பல மடங்கு வெப்பம் உண்டாக்கும். அவருக்கு அந்த எல்லை பொருந்தாது.

தற்போது, நகருக்கு அருகே 2015இல் திறந்த திலவா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இரும்புச் சட்டக் கிடங்குகள் உள்ளன. 2021க்குப் பின் மின்வெட்டு கடுமையாகியுள்ளதால், மின்சாரம் வேண்டாத மேற்கண்ட முறைகளின் தேவை கூடியுள்ளது.