வேதியரா, வேதியியலாரா?

மருந்துக்கடைப் பலகையில் 'கெமிஸ்ட்' என்ற சொல்லைக் காணாத தமிழர் இலர். மாத்திரை விற்பவரும் கெமிஸ்ட். ஆய்வுக்கூடத்தில் பொருளைப் பகுத்துப் பார்ப்பவரும் கெமிஸ்ட்! அச்சொல்லின் பிறப்பைத் துருவிச் சென்றால், இரும்பைப் பொன்னாக்க முயன்ற இரசவாதியின் உலைக்களத்திலே போய் நிற்போம்.

அரபியர் 'அல்கீமியா' என்றனர். 'அல்' அவர் மொழியில் பெயர்க்கு முன் வரும் சுட்டு. 'கீமியா' கிரேக்கரிடம் பெற்றது. எகிப்தின் கருமண்ணைக் குறித்த 'கெம்' என்ற பழம்பெயரே அதன் மூலம் என்பர் ஒரு சாரார். உலோகத்தை உருக்கி வார்த்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே மூலம் என்பர் மற்றொரு சாரார். இலத்தீன் வழியே ஐரோப்பா புகுந்த சொல், பதினாறாம் நூற்றாண்டில் 'அல்' என்ற தலையை இழக்கத் தொடங்கியது. 1661-இல் இராபர்ட் பாயில் தம் நூலுக்கு 'ஐயுறும் கெமிஸ்ட்' எனப் பொருள்படப் பெயரிட்டார். ஐயம்! அறிவியலின் தாய் அதுவன்றோ! பொன் செய்யும் ஆசையைப் பாயிலே முற்றும் விட்டாரில்லை. ஆயினும் முன்னோர் மொழிந்தார் என்பதற்காக ஒப்பாது, சோதித்துப் பார்க்கும் வழக்கம் வேரூன்றிற்று.

தமிழில் நடந்தது என்ன? யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீனின் நூல் 1875-இல் 'கெமிஸ்தம்' என்ற பெயரோடே வெளிவந்தது. பின்னர் 'இரசாயனம்' ஆண்டது. இன்று 'வேதியியல்'. "இதுவும் வேதியர் வீட்டுச் சொத்தோ?" என்று வினவும் தோழர் உண்டு. அன்று! வேதியர் என்பது வேதத்தால் வந்த பெயர். வேதியியலோ 'வேதித்தல்' என்னும் வினையால் வந்தது. ஒரு பொருளை வேறொன்றாக மாற்றுதல் என்பது அதன் பொருள். தொட்டதைப் பொன்னாக்கும் பொருளைப் 'பரிசன வேதி' என்கிறது திருமந்திரம். வினையின் வேர் எம்மொழியதாயினும் ஆகுக. ஓதும் வாயை அன்று, உலையருகே உழைத்த கையையே அது நினைவூட்டுகிறது.

அக்கைக்கு உரியவர் ஒருவர் திருத்தங்கலிலே வாழ்ந்தார். தங்கால் பொற்கொல்லனார் என்ற சங்கப் புலவரின் பாட்டு புறநானூற்றில் உண்டு. தங்கால்தான் இன்றைய திருத்தங்கல். பொன்னுருக்கிய கை பாட்டெழுதிய காலம் அது!

இன்று அவ்வூரைச் சுற்றிலும் பட்டாசுத் தொழில். வெடிக்கலவைக்கு அங்கே 'மருந்து' என்றே பெயர். பேரியம் உப்பு பச்சை ஒளி தரும். ஸ்ட்ரான்சியம் உப்பு செந்நிறம் தரும். அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளே சூடேறும். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் சிறு உராய்வே தீ மூட்டும். 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விதி என்றார் சிலர்; கிரகம் என்றார் சிலர். எந்தக் கிரகம் குளோரேட்டோடு கந்தகத்தைக் கலக்கிறது? கலப்பது மனிதக் கை. எதனோடு எதைச் சேர்க்கலாகாது என்பதை அக்கைக்கு உரியவரின் மொழியில், மூட்டையின் மேலேயே அச்சிட்டுத் தருவதற்கு எந்தச் சாத்திரம் குறுக்கே நிற்கிறது?