ஆலை நிலமும் ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தும்

எங்கள் புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. பிரெஞ்சுக் காலத்தில் சவானா, ரோடியர், கெப்ளே என்று பெயர். பிறகு அவை சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி ஆயின. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே நீலச்சாயம் ஏற்றிய கினித்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. 30.7.1936 அன்று ஆலைப் போராட்டத்தில் 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதெல்லாம் நமக்குத் தெரிந்த சரித்திரம். மண்ணுக்குள்ளும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

மூன்று ஆலைகளிலும் இப்போது சங்கு ஊதுவதில்லை. மூடிய ஆலை நிலம் என்றதும் பூங்கா, பள்ளி, வீடு என்று மக்களுக்கு ஆசை வருவது நியாயமே. ஆனால் அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரில் நடந்ததையும் கேளுங்கள்.

அங்கே லவ் என்பவர் 1890-களில் வெட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட கால்வாய் ஒன்று இருந்தது. ஹூக்கர் என்ற ரசாயன நிறுவனம் 1942 முதல் 1953 வரை அதில் ஏறக்குறைய 21,000 டன் கழிவைக் கொட்டிக் களிமண்ணால் மூடியது. 1953-இல் பள்ளிக்கூட வாரியத்துக்கு அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தது. உள்ளே ரசாயனக் கழிவு புதைந்திருக்கிறது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. இருந்தும் பள்ளி கட்டினார்கள். சுற்றிலும் வீடுகள் வந்தன. சாலையும் சாக்கடையும் போடத் தோண்டியபோது களிமண் மூடி உடைந்தது. 1978-இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. காகிதம் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அதனால்தான் இப்போது இப்படிப்பட்ட நிலத்தைச் சோதிப்பவர்கள் மண்வெட்டியை எடுக்குமுன் கோப்பை எடுக்கிறார்கள். சாயத்தொட்டி எங்கே, கொதிகலன் சாம்பல் கொட்டிய இடம் எது, எண்ணெய்த் தொட்டி எந்த மூலையில், மின்மாற்றி எங்கே என்று பழைய வரைபடங்களில் தேடுகிறார்கள். அடுத்து நிலத்தைச் சுற்றி நடந்து பழைய தொழிலாளர்களிடம் விசாரிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சந்தேகமான இடங்களில் வெவ்வேறு ஆழத்தில் மண்ணும் நிலத்தடி நீரும் எடுத்துப் பரிசோதனை. நிலம் எதற்கு என்பதும் முக்கியம். வண்டி நிறுத்தப் போதுமான சுத்தம், குழந்தைகள் மண்ணில் விளையாடப் போதாது.

பிரான்சில் 1810-லேயே நெப்போலியன் ஆணைப்படி ஆபத்தான, நாற்றமெடுக்கும் தொழிற்கூடங்களை மூன்று வகுப்பாகப் பிரித்து, அனுமதி வாங்கவேண்டும் என்றார்கள். அனுமதி என்றால் கோப்பு. அப்படிச் சேர்ந்த கோப்புகளைத் துருவித்தான் பின்னாளில் பழைய தொழிற்சாலை இடங்களைப் பட்டியலிட்டார்கள்.

இனி என் கதை. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பழைய பிரெஞ்சுக் கட்டுகளைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. 1980-களின் கடைசியில், இடமில்லை, கழித்துக்கட்டு என்று உத்தரவு வந்தது. ஒரு கட்டில் ஓர் ஆலையின் வரைபடம் இருந்தது. சாயப்பட்டறை, கிணறு, கழிவுநீர் வாய்க்கால் என்று பிரெஞ்சில் குறித்திருந்தார்கள். 'இனித் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி சொன்னார் என்பது சமாதானம் ஆகாது. அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அந்த நிலத்தில் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று சென்ற மாதம் தெருவில் கூட்டம் போட்டார்கள். என் பேரனும் கை தூக்கினான். அந்த மண்ணில் விஷம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்கே தோண்டிப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கக்கூடிய காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சாயப்பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். வயது எண்பத்தெட்டு. நோட்டுப் புத்தகத்தில் நடுங்கும் கையால் கோடு போட்டு, "தொட்டி இங்க, வாய்க்கா இப்டிப் போவும்" என்றார். தேதியிட்டு அவர் கைநாட்டையும் வாங்கிக்கொண்டு, ஒரு நகலைத் தெருக்காரர்களிடம் கொடுத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் நண்பர்கள் வீட்டில் ஆலையில் உழைத்த பெரியவர் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். எழுதி வையுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.