கடலுக்கு அஞ்சிய கரை

துனிசியாவின் சூஸ் நகருக்கு விடுமுறைக்காக வரும் பலருக்கு அந்த நாடு ஒரு விடுதி, ஒரு மணற்பரப்பு, விமான நிலையம் செல்லும் ஒரு பேருந்து, அவ்வளவுதான். 1956இல் விடுதலை பெற்ற துனிசியா, அறுபதுகளில் கடற்கரை விடுதிகளைப் பெருமளவில் கட்டத் தொடங்கியது. சூஸுக்கு வடக்கே உள்ள எல் கந்தாவி படகுத்துறை 1979இல் உருவானது. வெள்ளைச் சுவர்களும் வளைவு வாயில்களுமாக அது ஒரு பழைய ஊரைப் போல நடிக்கிறது.

கடல் இன்பம் தருவது என்னும் எண்ணம் இக்கரையில் மிகப் புதியது. ஃபினீசியர் அமைத்த சூஸ், ரோமானியரிடம் ஹத்ருமேத்தும் எனப் பெயர் பெற்றது. கி.பி. 670இல் இப்பகுதிக்கு வந்த அரபுத் தளபதி உக்பா இப்னு நாஃபி தம் படைநகரை இத்துறைமுகத்தில் நிறுவவில்லை. பைசாந்தியக் கப்பல்கள் எட்டாத உள்நாட்டுச் சமவெளியில் கைரவானை நிறுவினார். சூஸுக்கு மீண்டும் வாழ்வு வந்தபோது அங்கே முதலில் எழுந்தவற்றுள் ஒன்று ரிபாத். தொழுகையும் காவலும் ஒன்றான கோட்டை மடம் அது. அதன் கோபுரக் கல்வெட்டின் ஆண்டு கி.பி. 821. அருகே 851இல் கட்டப்பட்ட பெரிய பள்ளிவாசலைப் பார்ப்பவர் அதையும் கோட்டை என்றே எண்ணக்கூடும். அஞ்சியவர்கள் அஞ்சிக்கொண்டே இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 827இல் சிசிலியை வெல்லப் புறப்பட்ட கப்பற்படை இத்துறையிலிருந்தே பாய் விரித்தது.

ஆகவே இவ்வூரை அறிய விரும்புபவர் கடலுக்கு முதுகைக் காட்டிப் புறப்பட வேண்டும். அதற்குச் சுற்றுலா முகவர் தேவையில்லை. கரையோரமாகத் தெற்கே மொனாஸ்திர், மாஹ்தியா வரை சிற்றூர்கள்தோறும் நின்று செல்லும் ரயில் உண்டு. மற்ற இடங்களுக்கு லுவாஜ். எட்டுப் பேர் ஏறும் வெள்ளை நிறப் பங்கு வண்டி அது. நகரங்களுக்கிடையே ஓடுவதற்குச் சிவப்புப் பட்டை இருக்கும். கால அட்டவணை கிடையாது. எட்டாவது ஆள் வரும்போது அது கிளம்பும். கட்டணம் அரசு வகுத்தது, பேரத்திற்கு இடமில்லை. நம்மூர்ப் பங்கு ஆட்டோவில் காத்திருந்து பழகியவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இராது.

தெற்கே அறுபது கிலோமீட்டரளவு சென்றால் எல் ஜெம். ஒலிவத் தோப்புகளின் நடுவே, தாழ்ந்த வீடுகளுக்கு மேலாக, ஏறத்தாழ முப்பத்தையாயிரம் பேர் அமரக்கூடிய ரோமானிய வட்டரங்கு திடீரென நிமிர்ந்து நிற்கிறது. இச்சிற்றூருக்கு இத்தனை பெரிய அரங்கு எதற்கு என்ற கேள்விக்கு அத்தோப்புகளே விடை. ரோமுக்குப் போன ஒலிவ எண்ணெய் இங்குள்ள நிலக்கிழார்களைச் செல்வர்களாக்கியது. கி.பி. 238இல் அவர்களுடைய பிள்ளைகள் பேரரசின் வரியதிகாரியைக் கொன்று, எண்பது வயதை எட்டிய கோர்தியனைப் பேரரசனாக அறிவித்தனர். அந்த ஆட்சி மூன்று வாரமே நீடித்தது. அரங்கின் ஒரு பக்கச் சுவர் உடைந்திருப்பது காலத்தின் வேலையன்று. உள்ளே அரண் கொண்ட கலகக்காரர்களை வெளியேற்ற 1695இல் துனிஸ் ஆட்சியாளர் அதைத் தகர்த்தார்.

இலக்கிய வாசகர் மற்றொன்றையும் மனத்தில் கொள்ளலாம். இரு கலைத்தேவியரிடையே ஏட்டுச்சுருளுடன் வர்ஜில் அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற பதிகல் ஓவியம் 1896இல் சூஸில்தான் கிடைத்தது. இன்று அது துனிஸின் பார்தோ அருங்காட்சியகத்தில் உள்ளது. 2015 மார்ச்சில் அந்த அருங்காட்சியகத்தில் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஜூன் 26 அன்று எல் கந்தாவி அருகே ஒரு விடுதியில் முப்பத்தெட்டுப் பேர் இறந்தனர். வெளியே போனால் ஆபத்து, விடுதிக்குள் இருந்தால் பாதுகாப்பு என்று போட்ட கணக்கு அன்று பொய்த்தது. கொலையாளி வந்தது கடற்கரை வழியாகத்தான்.

கைரவானுக்கு மேற்கே ஒரு மணி நேரப் பயணம். அதன் பெரிய பள்ளிவாசலின் தொழுகைக் கூடத்தில் வெவ்வேறு நிறமும் வெவ்வேறு தலைப்பும் கொண்ட தூண்கள் காடுபோல் நிற்கின்றன. அவை கார்த்தேஜிலிருந்தும் ஹத்ருமேத்துமிலிருந்தும் பிற ரோமானிய இடிபாடுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவை. லுவாஜில் நாம் கடந்துவரும் அந்தச் சமவெளியின் குறுக்கே, கடலோர நகரத்தின் கற்களும் ஒருகாலத்தில் உள்நாட்டை நோக்கிப் பயணம் செய்திருக்கின்றன.