பாரதத் திடலில் யாருக்கு இடம்?

கோடை வந்தது, பள்ளிக் கதவுகள் அடைபட்டன. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுவோர் ஓடட்டும் - குளிரைக் காசு கொடுத்து வாங்கும் வசதி அவர்களுக்கு உண்டு. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து உழவன் வீட்டுக்கு உல்லாசப் பயணம் எது? ஒரு நாள், புளிச்சோற்று மூட்டையுடன் செஞ்சிக் கோட்டை. பல இரவுகள், ஊர்ப்புறத்துப் பாரதத் திடல்!

அறுவடை முடிந்து, மல்லாட்டையும் வீடு வந்து சேர்ந்து, கழனி காய்ந்து கிடக்கும் காலம். வேலை இல்லை, வெண்ணிலவு உண்டு. திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறும். பகலிலே பிரசங்கியார் பாரதம் படிப்பார் - வில்லிபுத்தூரார் பாட்டுக்கு வீட்டுத் தமிழிலே விளக்கம். இரவிலே அதே கதை கூத்தாகும். முகவீணை முழங்கும், மத்தளம் அதிரும், கட்டியங்காரன் வந்து ஊர்ப் பெரிய மனிதரையும் விட்டுவைக்காமல் கேலி பேசுவான். பாயும் தலையணையுமாக வந்த குடும்பங்கள் விடியும்வரை அசையா. துகில் உரியும் காட்சியிலே திரௌபதியாக நின்று கதறுபவனும் ஆண்தான். எனினும், எதிரே அமர்ந்த தாய்மாரின் கண்ணீர் பொய்யன்று. அர்ச்சுனன் தபசன்று வேடக்காரர் உயர்ந்த கம்பத்தின் உச்சிவரை ஏறிவிடுவார். நுங்கு தின்னும் சிறுவர்கள் வாய் மூட மறந்து அண்ணாந்து நிற்பர். கடைசி நாள் படுகளம். மண்ணால் சமைத்த துரியோதனன், வீடு நீளத்துக்கு நிலத்திலே மல்லாந்து கிடப்பான். தொடை பிளக்கப்படும், விரித்த கூந்தலைத் திரௌபதி முடிப்பாள், மாலையிலே தீமிதி.

ஐவருக்கு ஒருத்தி மனைவி என்னும் கதையும் நெருப்பிலே நடக்கும் நேர்த்திக்கடனும் அறிவை வளர்க்குமா என்று பகுத்தறிவுத் தோழர்கள் கேட்பர். நியாயமான கேள்வி! நான் இங்கே பேச வந்தது கதையைப் பற்றியன்று, கதையைக் கேட்கக் கூடிய கூட்டத்தைப் பற்றி. அந்தக் கூட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

திரௌபதி வழிபாட்டின் தொட்டில் செஞ்சி நாடே என்பது, ஊர் ஊராகச் சுற்றி ஆராய்ந்து 1988-ல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டலின் முடிவு. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியின் கோயிலையே அவர் மூலத் தலமாகக் காட்டினார். அந்தச் செஞ்சி பார்க்காத கொடி உண்டா? நாயக்கர் ஆண்டனர், 1649-ல் பீசப்பூர் சுல்தானின் படை புகுந்தது, 1677-ல் சிவாஜி கைப்பற்றினார், மொகலாயர் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டே பிடித்தனர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். 2025-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களிலே செஞ்சியைச் சேர்த்தபோது, மராத்தியர் காலப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக எழுதிக்கொண்டது. நம் மக்கள் நாவிலோ சிவாஜியும் இல்லை, சுல்தானும் இல்லை. 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்கும், அவனுடன் உயிர் கொடுத்ததாகக் கதை சொல்லும் முஸ்லிம் நண்பன் மோவுத்துக்காரனுமே நிற்கிறார்கள்.

இங்கேதான் வியப்பு! திரௌபதி கோயில்களின் காவல் தெய்வங்களில் ஒருவர் பெயர் முத்தால் ராவுத்தர் - முஸ்லிம் வீரர். வேற்று மதத்தானென்று ஊர் அவரை விரட்டவில்லை. வாசலிலே இடம் தந்து வணங்கியது. படையெடுத்து வந்த மதத்தின் வீரனுக்கு இடம் கொடுத்த அதே ஊர், பக்கத்துத் தெருவிலே தன்னோடு பிறந்து, தன் நிலத்திலே நாற்று நட்டு, பறை கொட்டித் திருவிழாவை ஊரறியச் செய்தவனுக்கு என்ன கொடுத்தது? திடலின் ஓரம். பல ஊர்களிலே, தீமிதியைத் தொலைவிலே நின்று பார்க்கும் உரிமை. கோயில் வாயிற்படி? கேளாதீர்!

பழங்கதை என்று எவரேனும் சொல்வரேல், மேல்பாதிக்கு வருக. விழுப்புரத்துக்கு அருகே உள்ள ஊர். 2023 ஏப்ரலில், அங்குள்ள தருமராசா திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது உள்ளே சென்ற தாழ்த்தப்பட்ட இளைஞரைச் சாதி இந்துக்கள் தாக்கினர். அமைதிப் பேச்சு நடந்தது; இறங்கி வருவார் இல்லை. அவ்வாண்டு சூன் 7-ஆம் நாள் வருவாய்க் கோட்டாட்சியர் கோயிலுக்குப் பூட்டிட்டு முத்திரை வைத்தார். சமமாக நுழைவதைவிடப் பூட்டிக் கிடப்பதே மேல் என்று எண்ணியோரும் இருந்தனர் போலும்! சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மார்ச் 22-ல் கதவு திறந்தது - பூசாரிக்கு மட்டும். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

இத்தனைக்கும் சட்டம் இல்லையா? மதுரை மீனாட்சி கோயிலிலே ஆலய நுழைவு நடந்தது 1939 சூலை 8-ல். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947-ல். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் விதி 1950-ல். பாரதப் போரே பதினெட்டு நாளில் முடிந்ததாம். மேல்பாதியின் வாயிற்படியைத் தாண்ட, 1947 சட்டத்துக்குப் பின்னும் எழுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

2025 ஏப்ரலிலே, மீண்டும் ஒரு கோடையில், நீதிமன்ற ஆணையின் துணையோடு தாழ்த்தப்பட்ட மக்கள் அந்தக் கோயிலுக்குள்ளே சென்றனர். காவல்துறையினர் சூழ்ந்து நின்றனர்.